மூக்காண்டி ருசி பார்க்காத குடம்

நீங்கள் கொடுத்த நாற்காலி சௌகரியமாக இருக்கிறது, இன்ஸ்பெக்டர் சார். தாலுகா ஆபீசில் நான் முப்பத்துமூன்று வருஷம் உட்கார்ந்திருந்த நாற்காலிக்கு ஒரு கால் குட்டை. அதற்கு முட்டுக் கொடுத்திருந்த காகித மடிப்பில் நாற்பது கலெக்டர்களின் கையெழுத்து இருந்தது. சரி, நாற்பது இல்லை, இரண்டு. இன்றைக்கு எல்லாவற்றையும் உள்ள அளவிலேயே சொல்வது என்றுதான் கிளம்பி வந்தேன். எங்கேயாவது கை மீறினால் நானே திருத்திக்கொள்கிறேன். உங்கள் ரைட்டரை அவசரப்படாமல் எழுதச் சொல்லுங்கள்.

பெயர் கோமதிநாயகம். வயது அறுபத்தைந்து. எழுபத்தாறில் ஓய்வு பெற்றேன். ஆபீசில் மற்ற வேலைகளோடு எனக்கென்றே ஒரு வேலை இருந்தது. தினமும் காலையில் கொல்லைப்புறம் போய் மழைமானியைப் பார்த்து, நேற்று எவ்வளவு பெய்தது என்று எழுத வேண்டும். நம்மூர் வானத்தைப் பற்றி உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. வருஷத்தில் முந்நூறு நாள் ‘இல்லை’ என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன். முப்பத்துமூன்று வருஷம் இல்லை, இல்லை என்று எழுதியவனுக்கு, ஓய்வு பெற்ற பிறகாவது உண்டு, நிறைய உண்டு என்று சொல்ல ஆசை வராதா? எனக்கு வந்தது. பஸ் ஸ்டாண்டுக்கு எதிரே இருந்த டீக்கடையில் காலை பத்து மணிக்கு உட்கார்ந்தால் ஒரு மணி வரைக்கும் பேசுவேன். இருபது பேர் கேட்பார்கள். நாய்கள் தனி.

என்னோடு ஒரே நாளில் ஓய்வு பெற்றவன் வெள்ளத்துரை. நிலவரி செக்‌ஷன். மேஜைக்கு மேஜை எதிரே இருந்தவன். அவனும் அதே கடைக்கு வருவான். வாய் திறந்து கதை சொல்ல மாட்டான். நான் சொல்வதைத் திருத்துவான்.

சிவகிரி ரோட்டில் ஒரு தடவை ஓடையில் வெள்ளம் வந்து பஸ் மாட்டிக்கொண்டது. நான் கயிற்றைக் கட்டிப் பதினாறு பேரை இறக்கினேன் என்று சொல்லிக்கொண்டிருந்தேன்.

“பதினாறு இல்லவே,” என்றான் வெள்ளத்துரை, பேப்பரிலிருந்து தலையை எடுக்காமல். “நாலு. அதுல ஒண்ணு ஆடு.”

கடையே சிரித்தது. பிச்சையா கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தான். பிச்சையா எங்கள் மூன்றாவது ஆள், பஞ்சு மில்லில் வாட்ச்மேனாக இருந்தவன். அவன் எதற்கும் சிரிப்பான். நான் கதை சொன்னாலும் சிரிப்பான், அதை வெள்ளத்துரை உடைத்தாலும் சிரிப்பான். எங்கள் இரண்டு பேருக்கும் நடுவில் உட்கார்ந்துகொண்டு இரண்டு பக்கமும் கல்யாண வீட்டில் பந்தி பரிமாறுகிறவன் மாதிரி முகத்தைத் திருப்பிக்கொண்டே இருப்பான்.

“இவரு எது சொன்னாலும் நாலால வகுத்துக்கிடுங்க,” என்று வெள்ளத்துரை கடைக்காரரிடம் சொன்னான். “மிச்சம் வந்தா அது ஆடு.”

அன்றிலிருந்து அது நிலைத்துவிட்டது. நான் சொல்லி முடித்ததும் இருபது முகமும் அவன் பக்கம் திரும்பும். அவன் ஓர் எண் சொல்வான். அதற்குப் பிறகுதான் சிரிப்பார்கள் அல்லது ஆச்சரியப்படுவார்கள். மழை பெய்தது நான், அளந்தது அவன்.

இதையெல்லாம் பொறுத்துக்கொண்டேன். எழுபத்தேழில் வைகாசி மாதம் ஒரு நாள் ராஜபாளையம் பஸ்ஸில் போய்க்கொண்டிருந்தேன். பக்கத்தில் முன்பின் தெரியாத ஒருத்தர். பேச்சுக் கொடுத்தார். நான் ஆபீசில் பிடித்த நல்ல பாம்பைப் பற்றிச் சொன்னேன். பன்னிரண்டு அடி. அவர் சிரித்துவிட்டு, “அப்ப மூணடி சாரைன்னு சொல்லுங்க. சங்கரன்கோயில்ல ஒரு பெரியவரு இருக்காராமே, நாலால வகுக்கணும்னு சொல்லுவாகளே, நீங்கதானா அது?” என்றார்.

எனக்குக் கோபம் வரவில்லை. வந்திருந்தால் கடையில் வைத்து நாலு வார்த்தை வைதிருப்பேன், அதோடு போயிருக்கும். வந்தது ஒரு மரத்துப்போன தன்மை. ரொம்ப நேரம் சம்மணம் போட்டு உட்கார்ந்து எழுந்தால் காலில் இருக்குமே, அப்படி. பஸ்ஸை விட்டு இறங்குவதற்குள் முடிவு செய்துவிட்டேன். கண்டக்டர் மீதிச் சில்லறையைக் கொடுத்தபோது நன்றி சொன்னேன் என்பதுகூட நினைவிருக்கிறது.

மதுவிலக்கு மறுபடி வந்து மூன்று வருஷம் ஆகியிருந்த சமயம். மேலநீலிதநல்லூரைத் தாண்டி, கரிசலுக்கு நடுவே ஓர் ஓடை. அதன் கரையில் உடைமரங்கள் ஆள் நுழைய முடியாதபடி அடைந்து கிடக்கும். உடங்காடு என்போம். அதற்குள்ளே மூக்காண்டி சாராயம் காய்ச்சிக்கொண்டிருந்தான். உங்கள் டிபார்ட்மெண்டில் தெரியாதவர்கள் கிடையாது, இருக்கட்டும். நாணயமான தொழில்காரன். கருப்பட்டியும் வேலம்பட்டையும் கனிந்த வாழைப்பழமும் தவிர ஊறல் பானைக்குள் வேறு ஒன்றையும் போட மாட்டான். அவனிடம் குடித்து யாருக்கும் தலைவலி வந்ததாகக் கூடச் சொல்ல முடியாது. அதற்குக் காரணம் அவன் வைத்திருந்த ஒரு முறை. முதல் தம்ளர் சுடலைமாடன் பீடத்துக் கல்லில். இரண்டாவது தம்ளர் அவன் வாயில். குடித்துவிட்டு ஒரு பீடி பற்றவைப்பான். பீடி முடியும்வரை யார் கேட்டாலும் ஒரு சொட்டு ஊற்ற மாட்டான். பீடியைக் கீழே போட்டு மிதித்தால்தான் மற்றவர்களுக்கு. காய்ச்சினவன் உயிரைப் பிணை வைத்துத்தான் குடம் காட்டை விட்டு வெளியே வரும்.

இதை நான் ஏன் இவ்வளவு விவரமாகச் சொல்கிறேன் என்றால், வருஷத்தில் பன்னிரண்டு நாள் அவன் ருசி பார்க்க மாட்டான். நம்மூர் அம்மன் கோயில் ஆடித்தபசுத் திருவிழாவுக்குக் கொடியேறியதும் விரதக் காப்புக் கட்டிக்கொள்வான். அம்மன் தபசு முடியும்வரை அடுப்புப் பற்றவைப்பதில்லை, சாராயத்தைத் தொடுவதில்லை, வாசனை பிடிப்பதுகூட இல்லை. காட்டுப் பக்கமே போக மாட்டான்.

கொடியேறிய மூன்றாம் நாள் அவன் வீட்டுக்குப் போனேன். பட்டணத்திலிருந்து வந்தவர்களுக்குக் கோயிலைச் சுற்றிக் காட்டுவதில்லையா, அது மாதிரி என் சிநேகிதர்கள் இரண்டு பேருக்கு உன் தொழிலைச் சுற்றிக் காட்ட வேண்டும் என்றேன்.

“காப்புக் கெட்டிருக்கேன், அண்ணாச்சி,” என்று மணிக்கட்டைக் காட்டினான். “தபசு முடியட்டும். நானே வண்டி வச்சுக் கூட்டிட்டுப் போறேன்.”

அவன் வீட்டுக் கூரை ஓலையில் பட்டா நகல் ஒன்றைச் சொருகி வைத்திருந்தான். பங்காளிகள் அவன் நிலத்தை வளைத்தபோது ஆபீசின் பழைய ஆவணக் கட்டுகளிலிருந்து தேடி நான் எடுத்துக் கொடுத்தது. அதைச் சும்மா அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்தேன். அவ்வளவுதான்.

அவன் தலையைச் சொறிந்தான். “உங்களுக்காவ ஒரே ஒரு பானை ஏத்துதேன். ஆனா நாக்குல வைக்க மாட்டேன். அத மட்டும் கேக்காதீக.”

“நீ வைக்க வேண்டாம்லே. நாங்க வச்சுக்கிடுதோம்,” என்றேன்.

வெள்ளத்துரையை அங்கே கொண்டுபோவது கஷ்டமாக இருந்திருக்கும் என்று நீங்கள் நினைக்கலாம். அவனுக்குக் குடிக்கிற பழக்கம் குறைவு. ஆனால் சரிபார்க்கிற பழக்கம் அதிகம். மறுநாள் கடையில் மூக்காண்டியின் காட்டைப் பற்றி ஒரு போடு போட்டேன். பனை உயரத்துக்கு ஒன்றன்மேல் ஒன்றாகப் பானைகள். ஊறல் கொதிக்கிற சத்தம் சங்கரன்கோவில் தேரடி வரைக்கும் கேட்கும். ஒரு மடக்குக் குடித்தால் ஏழு சுடலைமாடன் வரிசையாக நின்று கும்பிடுவார்கள். முகங்கள் எல்லாம் வழக்கம்போல அவன் பக்கம் திரும்பின. அவனிடம் எண் இல்லை. அவன் அந்த இடத்தைப் பார்த்ததில்லை.

“நாளைக்குப் போயிருவோம்வே,” என்றான். முகம் கொஞ்சம் சிவந்திருந்தது.

“நானும் வாரேன்,” என்றான் பிச்சையா. “ஏழு மாடன்ல ஒண்ணு என் பக்கம் திரும்புதான்னு பாக்கணும்.”

பிச்சையா வருவது எனக்குச் சம்மதமாகவே இருந்தது. ஒரே ஒரு ஆளுக்கு மட்டும் ஏதாவது ஆனால் ஊர் யோசிக்கும். இரண்டு பேருக்கு ஆனால் சரக்கைப் பழி சொல்லும். பிச்சையாமேல் எனக்கு ஒரு வருத்தமும் கிடையாது. நல்ல மனுஷன்.

மறுநாள் காலை மூன்று பேரும் பஸ்ஸில் போய் இறங்கி நடந்தோம். வெள்ளத்துரை சட்டைப் பையில் ஒரு டேப் வைத்திருந்தான், தையல்காரர்கள் வைத்திருப்பது. என் மஞ்சள் பையில் துண்டு, வெற்றிலைப் பொட்டலம், ஒரு கஷாய பாட்டில். பாட்டிலில் இருந்தது கஷாயம் இல்லை. மரச்சாமான்களுக்குப் பாலிஷ் போடுகிறவர்கள் வைத்திருக்கிற ஒரு ஸ்பிரிட். வாசனையில் பெரிய வித்தியாசம் தெரியாது. குடித்தால் உடனே ஒன்றும் ஆகாது. மறுநாள்தான் ஆகும். கோர்ட் ரிக்கார்டில் அதன் பெயர் இருக்கிறது, நான் சொல்ல வேண்டியதில்லை.

மூக்காண்டி குளித்துத் திருநீறு பூசிக்கொண்டு நின்றான். கையில் காப்பு மஞ்சளாக இருந்தது. எங்களை அழைத்துப்போய் ஒவ்வொன்றாகக் காட்டினான். கோயிலில் தூண் தூணாகக் காட்டுவார்களே, அவ்வளவு மரியாதையாக. மண்ணுக்குள் கழுத்துவரை புதைத்த ஊறல் பானைகள் நாலு. ஒன்றின் வாய்த் துணியை விலக்கி, “காதக் குடுத்துக் கேளுங்க,” என்றான். பிச்சையா மண்டிபோட்டுக் காதை வைத்தான். உள்ளே ஆயிரம் பேர் ரகசியம் பேசுகிற மாதிரி நொதித்துக்கொண்டிருந்தது. பிறகு அடுப்பு. அதன்மேல் பெரிய பானை, அதன்மேல் இன்னொன்று, அதற்கும் மேலே குளிர்ந்த தண்ணீர் நிறைந்த வாய் அகன்ற சட்டி. ஆவி மேலே போய்ச் சட்டியின் அடியில் பட்டுக் குளிர்ந்து சொட்டும். சொட்டியது ஒரு மூங்கில் குழாய் வழியாகக் குடத்தில் விழுந்துகொண்டிருந்தது. மேல்சட்டித் தண்ணீர் சூடேறினால் மாற்ற வேண்டும். “தண்ணி மாத்துத நேரம் பிந்துச்சுன்னா சரக்கு கசந்துரும் அண்ணாச்சி. அதுதான் இதுல உள்ள வித்தையே,” என்றான்.

வெள்ளத்துரை டேப்பைப் பிடித்து அடுப்பிலிருந்து மேல்சட்டிவரை அளந்தான். “அஞ்சடி நாலங்குலம்,” என்றான். “பனை உயரமாம்லா.” ஒரு துண்டுக் காகிதத்தில் குறித்தும் வைத்துக்கொண்டான். அன்றைக்குப் போல அவ்வளவு சந்தோஷமாக அவனை நான் பார்த்ததே இல்லை.

மேல்சட்டித் தண்ணீரை மாற்ற மூக்காண்டி வேறொரு வெறுங்குடத்தோடு ஓடைப் பக்கம் இறங்கினான். வெள்ளத்துரையும் பிச்சையாவும் ஊறல் பானைகளின் வாயை அளக்கப் போனார்கள். நான் பாட்டிலைத் திறந்தேன். முதலில் தம்ளரில் மட்டும் கலப்பதாகத்தான் யோசித்திருந்தேன். அங்கே நின்றபோது வேறு மாதிரித் தோன்றியது. தம்ளரில் இருந்தால் ஊற்றிக் கொடுத்தவனைக் கேட்பார்கள். குடத்தில் இருந்தால் காய்ச்சினவனைக் கேட்பார்கள். பாட்டில் முழுவதையும் குடத்தில் ஊற்றினேன். மீதியை யார் குடிப்பார்கள் என்று அந்த நேரத்தில் நான் எண்ணிப் பார்க்கவில்லை. பாட்டிலை ஓர் உடைமரத்தடி மண்ணில் புதைத்தேன். பயமாக இருந்ததா என்று கேட்பீர்கள். இல்லை. ஓர் உடைமுள் விரலில் ஏறிவிட்டது. அதைப் பிடுங்குவதில்தான் கவனம் இருந்தது.

மூக்காண்டி வந்து, முதல் தம்ளரை மாடன் கல்லில் ஊற்றினான். இரண்டாவதை மொண்டவன் கையிலேயே வைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் நின்றான். முப்பது வருஷப் பழக்கம் இல்லையா, கை வாய்க்குப் போகப் பார்த்தது. பிறகு காப்பைப் பார்த்துவிட்டு அதைத் திரும்பக் குடத்திலேயே கவிழ்த்தான். 

“மனசுக்கு ஒரு மாதிரி இருக்கு அண்ணாச்சி,” என்றான். “ருசி பாக்காமக் குடுத்ததே இல்ல. இன்னிக்கு வேணாம்னு தோணுது.”

“அம்மன் பார்த்துக்கிடுவா. குடு,” என்றேன்.

மூன்று தம்ளர் ஊற்றினான். நான் என்னுடையதை உதட்டில் வைத்து எடுத்து, ஒதுங்கப் போகிறவன் மாதிரி மரத்துக்குப் பின்னால் போய்க் கொட்டினேன். வெள்ளத்துரை ஒரே மடக்கில் குடித்தான். கண்ணை மூடித் திறந்து நாலு பக்கமும் பார்த்தான்.

“என்னவே, ஏழு மாடன் எங்க? ஒண்ணுகூட வரலையே,” என்றான்.

“இன்னொரு தம்ளர் போட்டா வருவான்,” என்றேன்.

“போட்டுப் பாத்துருவோம். பொறவு நீரு பேச்சு மாறப்பிடாது.”

இரண்டாவதையும் குடித்தான். பிச்சையா சிரித்துக்கொண்டே அவனைப் பார்த்துத் தானும் இரண்டு குடித்தான். கொஞ்ச நேரத்தில் மூக்காண்டியின் மனைவி சீனியம்மாள் ஓலைப்பெட்டியில் சோறும் கருவாட்டுக் குழம்பும் கொண்டுவந்தாள். சாப்பிட்டோம். விரதக்காரனான மூக்காண்டி கருவாட்டு வாசனை படாமல் ஓடைக் கரையில் போய் உட்கார்ந்துகொண்டான். மற்ற இருவரும் நிழலில் துண்டை விரித்துப் படுத்தார்கள். மூன்று மணி பஸ்ஸுக்கு எழுப்பினேன். போகும்போது வெள்ளத்துரை, “ஏழு மாடன், சைபர்,” என்று அந்தக் காகிதத்தில் எழுதினான்.

மறுநாள் காலை பத்து மணிக்கு நான் கடைக்குப் போனேன். அவர்கள் வரவில்லை. வெள்ளத்துரையின் வீட்டுக்குப் போனேன். கட்டிலில் உட்கார்ந்திருந்தான். “கோமதிநாயகமா? பக்கத்துல வாரும். எல்லாம் பால ஊத்துன மாதிரி வெள்ளையாத் தெரியுதுவே,” என்றான். என் கையைப் பிடித்துக்கொண்டான். “உமக்கும் அப்படித்தான் இருக்கா?” என்று கேட்டான். எனக்கும் அப்படித்தான் என்று சொன்னேன். அவனைப் பெரிய ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோன அதே வண்டியில் வயிற்றைப் பிடித்துக்கொண்டு நானும் ஏறினேன். அன்று பிற்பகல் அவன் இறந்தான். மறுநாள் பிச்சையா. அதற்கு அடுத்த நாள் காலையில் சீனியம்மாளும் இறந்துபோனதாக வார்டில் பேசிக்கொண்டார்கள். நாங்கள் கிளம்பிப் போன பிறகு அவளும் குடத்திலிருந்து குடித்திருக்கிறாள். எனக்கு அழுகை வரவில்லை. பசித்தது. நர்ஸ் கொண்டுவந்த ரொட்டியைத் தின்றேன். 

கோர்ட்டில் மூக்காண்டி மறுக்கவே இல்லை. விரத நாளில் அடுப்புப் பற்றவைத்தேன், ருசி பார்க்காமல் கொடுத்தேன், அம்மன் தண்டித்துவிட்டாள், என் பெண்டாட்டியையும் எடுத்துக்கொண்டாள் என்று மட்டும் சொன்னான். குடத்தில் மிச்சம் இருந்ததை எடுத்துச் சோதித்தார்கள். அவனுக்கு எதிராக வேறு சாட்சி தேவைப்படவில்லை. ஏழு வருஷம் என்று தீர்ப்பானது. நானும் சாட்சி சொன்னேன். கேட்டதற்கு மட்டும்.

நான் பிழைத்து வந்தவன் ஆனேன். டீக்கடையில் என் கதைகளுக்குள் இதுவே பெரிய கதை. முதல் வருஷம் சொன்னபோது மூன்று நாள் மயக்கமாகக் கிடந்தேன். எண்பதில் அது பதினோரு நாள் ஆகிவிட்டது. எமன் கட்டிலுக்குப் பக்கத்தில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்து பீடி கேட்டான். யாரும் திருத்தவில்லை. முகங்கள் யார் பக்கமும் திரும்பவில்லை. ஆனால் சார், ஒரு விஷயம் எனக்குப் பிடிபடவே இல்லை. இருபது பேர் பத்தாகி, பத்து நாலாகி, கடைசியில் கடைக்காரர்கூட ரேடியோவைச் சத்தமாக வைக்க ஆரம்பித்தார். “அண்ணாச்சி, நீங்களும் அவுகளும் மல்லுக்கட்டுததப் பாக்கத்தான் அவ்வளவு கூட்டம் வந்துச்சு,” என்று ஒரு நாள் சொன்னார். டீயில் சர்க்கரை குறைவு என்று சொன்னேன்.

இனி போன மாதத்துக்கு வருகிறேன். மூக்காண்டியின் மகள் பூமாரி என் வீட்டுக்கு வந்தாள். அம்மா சாகும்போது அவளுக்குப் பதினொன்று பன்னிரண்டு வயது இருக்கும். இப்போது பீடி சுற்றுகிறாள். விரல் நுனியெல்லாம் இலைக் கறை. உட்காரச் சொன்னேன், உட்காரவில்லை.

“பெரியப்பா, அப்பா வெளிய வந்து ஒண்ணரை வருஷம் ஆவுது. சுவரப் பாத்தே படுத்துக் கெடக்காரு. நாந்தான் மூணு பேரக் கொன்னேன், உங்க அம்மயக் கொன்னேங்காரு. இப்பம் பத்து நாளாச் சோறும் இறங்கல. நீங்க அன்னைக்கு அங்கன இருந்தவுக. குடிச்சுப் பொழச்சவுக. உன் மேல தப்பு இல்லலேன்னு ஒரு வார்த்தை வந்து சொல்லுங்க. நீங்க சொன்னாக் கேப்பாரு. இல்லன்னா எனக்கு ஒருத்தரும் மிஞ்ச மாட்டாக.”

பெண்பிள்ளை கேட்டுவிட்டதே என்று இரக்கப்பட்டுத்தான் போனேன். அப்படித்தான் இத்தனை நாளும் எனக்கு நானே சொல்லிக்கொண்டிருக்கிறேன். ஆனால் பஸ்ஸில் உட்கார்ந்திருந்தபோது உள்ளே ஒரு குறுகுறுப்பு இருந்தது. ஒன்பது வருஷமாக நான் ஒருத்தருக்கும் சொல்லாத கதை ஒன்று என்னிடம் இருந்தது. இருந்ததிலேயே சிறந்த கதை.

மூக்காண்டி முகத்தைத் திருப்பவில்லை. எலும்பாகக் கிடந்தான். நான் பாயில் அவன் முதுகுக்குப் பக்கத்தில் உட்கார்ந்தேன். “ஏலே மூக்காண்டி, நீ காய்ச்சினதுல ஒண்ணும் இல்ல. நாந்தான் கலந்தேன்,” என்றேன்.

அவன் மெதுவாகத் திரும்பினான். நான் சொல்ல ஆரம்பித்தேன். சொல்லச் சொல்ல வாய் தானாகப் போயிற்று. ஸ்பிரிட் நாலு டின் என்றேன். பம்பாயிலிருந்து கப்பலில் தூத்துக்குடிக்கு வரவழைத்தேன் என்றேன். டின்னைத் தூக்கிவர வேஷம் போட்ட இரண்டு ஆட்களை உடைமரத்து உச்சியில் ஒளித்து வைத்திருந்தேன், வெள்ளத்துரை என்னை ராஜ்யம் ஆள வரவிடாமல் தடுத்தான், அதற்காக மூன்று வருஷம் திட்டம் போட்டேன் என்றேன்.

மூக்காண்டியின் வாய் கோணியது. பிறகு சிரித்தான். நெஞ்சுக்குள்ளிருந்து விசில் மாதிரி வந்தது. கண்ணைத் துடைத்துக்கொண்டு என் காலைத் தொட்டான். 

“என் மனசு ஆறணும்னு கொலைப்பழியத் தூக்கித் தன் தலையில போடுதீகளே அண்ணாச்சி. பெத்த தாய்கூட இப்பிடி ஒரு பொய் சொல்ல மாட்டா. ஏட்டி பூமாரி, அண்ணாச்சிக்குக் காப்பி போடு. எனக்கும் கொஞ்சம் கஞ்சி எடுத்தா.”

அவன் கஞ்சி குடித்தான். நான் சொன்னதை அவன் நம்பவில்லை என்பது என் குற்றம் ஆகாது. நான் சொன்னேன். எனக்கு மனசு லேசாக இருந்தது.

பூமாரி சிரிக்கவில்லை. காப்பித் தம்ளரை என் கையில் கொடுக்காமல் தரையில் வைத்தாள். பஸ் ஸ்டாப் வரைக்கும் என்னோடு நடந்து வந்தாள். பஸ் தெரிகிற நேரத்தில் பேசினாள்.

“அம்மா அன்னைக்குச் சாயங்காலம் காட்டுலேந்து வந்ததும் எங்கிட்ட ஒண்ணு சொன்னா, பெரியப்பா. உங்க அப்பா விரதம், அவருகிட்ட கேக்கப்பிடாதுன்னு அண்ணாச்சிகிட்ட கேட்டுட்டுத்தான் குடிச்சேன், கோவிக்க மாட்டாருல்லான்னு கேட்டா. அண்ணாச்சி தெரியாமத்தான் குடின்னு சொல்லியிருப்பாக, சரக்குல யாருக்கும் தெரியாத தப்பு ஏதோ வந்துட்டுன்னு சொல்லித்தான் இத்தன வருசமா நான் மனசத் தேத்திக்கிட்டிருந்தேன். இப்பம் நீங்க கலந்தேங்கீக. கலந்தது நெசம்னா, அம்மா கேட்டப்போ உங்களுக்குத் தெரியுமா, தெரியாதா?”

பஸ் வந்து நின்றது. ஏறிவிட்டேன். மறுவாரம் அவள் உங்களிடம் மனு கொடுத்தாள். நீங்கள் ஜீப் அனுப்பினீர்கள். நானே வந்திருப்பேன், ஆனால் ஜீப்பில் வந்தது நன்றாக இருந்தது.

அவள் கேட்டதற்குப் பதிலை இங்கே சொல்லிவிடுகிறேன். நாங்கள் போன பிறகு சீனியம்மாள் குடித்தாள் என்று முன்னால் சொன்னேன், அதை அடித்துவிடுங்கள். வெள்ளத்துரையும் பிச்சையாவும் நிழலில் படுத்திருந்தார்கள். அவள் சட்டிகளைக் கழுவிவிட்டு இடுப்பைப் பிடித்துக்கொண்டு நிமிர்ந்தாள். பருத்திக் காட்டில் களையெடுத்த வலி. தம்ளரை எடுத்துக் குடத்துப் பக்கம் நின்று, “அண்ணாச்சி, அரைத் தம்ளர் குடிச்சா ஒண்ணும் ஆயிராதுல்லா? வலி உசிர வாங்குது,” என்று கேட்டாள். வேண்டாம் என்று சொல்லியிருந்தால் ஏன் என்று கேட்டிருப்பாள். ஏன் என்பதற்கு என்னிடம் அப்போது கதை ஒன்றும் தயாராக இல்லை. “குடி, தாயீ. வலிக்கு நல்லதுதான்,” என்றேன். குடித்தாள். முந்தானையால் வாயைத் துடைத்துக்கொண்டு பெட்டியைத் தலையில் வைத்துப் போனாள்.

நான்தான் குடத்தில் கலந்தேன். வெள்ளத்துரைக்காகக் கலந்தேன். பிச்சையாவைச் சேர்த்துக்கொண்டேன். அதில் எல்லாம் கையெழுத்துப் போடுகிறேன். ஆனால் மனுவில் அந்தப் பெண் நான் அவள் அம்மாவையும் கொன்றதாக எழுதியிருக்கிறாள். அது மிகைப்படுத்தி எழுதியது, சார். நான் சம்மதம் மட்டும்தான் சொன்னேன். அந்த வரியைத் திருத்தச் சொல்லுங்கள்.